செம்பாயியின் காதுப் புள்ளிகள்

செம்பாயி என்ற கிழட்டு யானைக்குக் காது முழுக்க வெளிர்சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. வயதானால் யானைக்கு வருகிற புள்ளிதான். ஆனால் குளத்தில் தன் முகத்தைப் பார்த்த நாள் முதல் அவளுக்குத் தழை தொண்டையில் இறங்கவில்லை.

“கவலையை விடு ஆத்தா! என் மூலிகை மூணே மாசத்தில் புள்ளியை எடுத்துடும்!” என்றான் கொண்டையன் குரங்கு. அந்தக் காட்டுக்கு அவன்தான் வைத்தியன். கன்னங்கரேலென்று அரைத்த ஒரு விழுதை நீட்டினான்.

“என்ன மூலிகை வைத்தியரே?”

“பேரைச் சொன்னா பலிக்காது! காதில் சொட்டுத் தண்ணி படக்கூடாது, அதுதான் பத்தியம். எனக்குத் தினம் ஒரு பலாப்பழம் பறிச்சுப் போடு, போதும்!”

செம்பாயியின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கு வெள்ளச்சி தலையை நிமிர்த்தினாள். ஏழெட்டு வருஷச் சிநேகிதி அவள்.

“இது யாருக்குக் குணமாச்சு வைத்தியரே? யாராச்சும் பார்த்தாங்களா?”

“எங்க பாட்டன் காலத்து மருந்து! என்னையே கேள்வி கேக்கிறியா?”

“பழசாவே இருக்கட்டும். வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமா? அக்கா, இடது காதில் மட்டும் பூசு. வலது காதைச் சும்மா விடு. நான் கூடு கட்டப் போறேன். குஞ்சு பறந்ததும் வந்துடுவேன். ரெண்டையும் கழுவிப் பார்ப்போம்!”

“ஆகட்டும்டி” என்றாள் செம்பாயி.

கொக்கு போனாளோ இல்லையோ, செம்பாயி இரண்டு காதிலும் அப்பிக்கொண்டாள். ஒரு காது கறுப்பு, ஒரு காது புள்ளி என்று எவள் திரிவாள்? அட, ஆசை யாரை விட்டது!

மூன்று மாதம் கழித்து வெள்ளச்சி திரும்பி வந்தாள். யானைக் கூட்டத்தின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

“புள்ளிக்காது அக்கா! எங்கே இருக்கே?”

செம்பாயிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ‘இவளுக்கே என்னை அடையாளம் தெரியலை! இதைவிட வேறென்ன சாட்சி வேணும்? இன்னும் கொஞ்சம் தேடட்டும்!’ என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

வெள்ளச்சியின் குரல் உடைந்தது. “போயிட்டியா அக்கா? நான் வர்றதுக்குள்ளே போய்ச் சேர்ந்துட்டியா?” அழுதுகொண்டே மலைப்பக்கம் திரும்பினாள்.

“ஏய் வெள்ளச்சி! நான்தான்டி!” செம்பாயி துதிக்கையைத் தூக்கிப் பிளிறினாள். அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. கொக்கு மலையைத் தாண்டிவிட்டாள்.

மழை கொட்டியது. காதிலிருந்து கறுப்பு ஒழுகியது. மழை விட்டதும் செம்பாயி குளத்தில் பார்த்தாள். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

“பத்தியம் போச்சே! முதலிலிருந்து பூசணும்!” என்றான் கொண்டையன், பலாச்சுளையை மென்றபடி.

செம்பாயி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ‘அவ தேடினது இந்தப் புள்ளியைத்தானே! பாவி நான்!’ என்று பொருமினாள். அன்று முதல் தினமும் காதைக் கழுவிக்கொண்டு, மலையைப் பார்த்து இரண்டையும் அகல விரித்து நிற்கிறாள். முதுகெல்லாம் உண்ணி. வெள்ளச்சி வரவில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல், தன் ஆசைக்கு ஏற்றதையே சாட்சியாக எடுத்துக்கொள்பவர், கையில் இருந்த நல்லதையும் இழந்துவிடுவார்.