சங்குப்பூ சொன்ன சாட்சி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவலூர் நாட்டைக் குமாரவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. ராஜா உப்பு என்றால் அவையில் எல்லோருக்கும் உப்பு, புளிப்பு என்றால் எல்லோருக்கும் புளிப்பு. சாப்பிடாதவர்கூடத் தலையாட்ட வேண்டும் என்பது அந்த அவையின் வழக்கம்.

அங்கே மந்திரியாக இருந்தவர் சொக்கப்பர். வேலை தேடி அந்த ஊருக்கு வந்த புதிதில் காய்ச்சலில் விழுந்து கிடந்தார். முன்பின் தெரியாத அவருக்கு அரண்மனைச் சமையல்காரி மருதாயிதான் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாள். இந்த உயிர் அவள் போட்ட பிச்சை என்று அவர் நினைக்காத நாளில்லை.

ஒருநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகக் குடிக்கும் எலுமிச்சைத் தண்ணீரை வாயில் வைத்ததும் புளிப்பு தாங்காமல் ராஜா முகத்தைச் சுளித்தார். பக்கத்திலிருந்த அவைப் பெரியவர் வீரபத்திரர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். தன் மச்சானை அடுக்களைக்குத் தலைவனாக்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. இரண்டு கரண்டிச் சாறு விடச் சொன்னால் இவள் நான்கு கரண்டி விடுகிறாள், மகாராஜாவின் வயிற்றைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்றார். அவை முழுவதும் தலையாட்டியது. பொழுது சாய்வதற்குள் மருதாயி நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

சொக்கப்பர் யோசித்துப் பார்த்தார். மனிதர்களைக் கேட்டால் ராஜா சொன்னதைத்தான் சொல்வார்கள். என்ன செய்வது? வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் மனைவி எலுமிச்சை விளக்குக்காகப் பழத்தைப் பிழிந்தபோது, சங்குப்பூ ஊறிய தண்ணீரில் சாறு சொட்டி நிறம் மாறியது சட்டென்று ஞாபகம் வந்தது.

"மகாராஜா, சாட்சி ஒன்று பாக்கியிருக்கிறது" என்றார்.

தோட்டத்துச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டதும் தண்ணீர் நீலமாகியது. அதை ஐந்து வெள்ளிக் கிண்ணங்களில் ஊற்றினார். அன்றைக்குப் பிழிந்த சாற்றிலேயே ஒரு கரண்டி, இரண்டு, மூன்று, நான்கு என்று விட்டு நான்கு குவளை தண்ணீர் கலக்கச் சொன்னார். ஒவ்வொரு குவளையிலிருந்தும் ஒரே அளவு எடுத்து ஒவ்வொரு கிண்ணத்தில் விட்டார். முதல் கிண்ணம் லேசாக ஊதா தட்டியது. இரண்டாவது கத்தரிப்பூ நிறமானது. மூன்றாவது சிவப்போடிய ஊதா. நான்காவது நல்ல ரோஜா நிறம். கடைசிக் கிண்ணத்தில் ராஜா குடித்து மீதி வைத்ததை அதே அளவு விட்டார். அதுவும் கத்தரிப்பூ நிறம்தான்.

"இரண்டே கரண்டி, மகாராஜா. இந்தப் பூ நம் அவையில் சம்பளம் வாங்கவில்லை, யாருக்கும் தலையாட்டாது."

"அப்படியானால் என் நாக்கு பொய் சொல்கிறதா?"

"இல்லை. குடிப்பதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்?"

தேனில் ஊறிய பலாச்சுளை என்றார் ராஜா. தித்திப்பு தின்ற நாக்குக்குப் புளிப்பு இரண்டு மடங்காகத் தெரியும் என்றார் சொக்கப்பர். கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, வீரபத்திரரின் குனிந்த தலையே சொல்லிவிட்டது. ராஜா வாயை நன்றாகக் கொப்புளித்துவிட்டு அதே தண்ணீரை மறுபடி குடித்தார். எப்போதும் போல இருந்தது. அவருக்கே வெட்கமாகிவிட்டது. அவையறிய மருதாயியிடம், "தப்பு என்னுடையது தாயி" என்றார். தலையாட்டும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினார். மந்திரிக்குத் தம் முத்துமாலையைப் போட்டார். வீரபத்திரர் ஒரு மாதம் மருதாயியின் அடுக்களையில் எலுமிச்சை பிழியவேண்டும் என்று தீர்ப்பானது.

வாசலில் காலில் விழப்போன மருதாயியைச் சொக்கப்பர் தடுத்தார். "நீ கும்பிடாதே அம்மா. உன் கடனை நான் இன்னும் தீர்க்கவில்லை" என்றார்.

மறுநாள் வீரபத்திரர் பழம் நறுக்கும்போது விரலையும் நறுக்கிக்கொண்டார். காயத்தில் சாறு பட்டு எரிந்தது, வாய்விட்டுச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. மருதாயி அவர் கையைப் பிடித்து நல்ல தண்ணீரில் கழுவி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

"உன்னைத் துரத்தப் பார்த்தவனுக்கா?" என்றார் அவர்.

"இந்த அடுக்களைய விட்டுப் போகணும்னதும் நேத்து உசிரே போயிருச்சுங்க. திரும்பக் கெடச்சிருக்கு. இதுக்குள்ள ஒருத்தர் வலியோட நின்னா, பாத்துக்கிட்டு இருக்க எனக்கு எப்படிங்க மனசு வரும்?"

வீரபத்திரர் அதன்பிறகு தலை நிமிராமல் ஒரு கூடைப் பழத்தையும் பிழிந்து முடித்தார். கண்ணைத் துடைத்தபோது யாரோ பார்த்துவிட, சாறு தெறித்துவிட்டது என்றார்.