பத்தாவது உருண்டை

கருவேலங்காட்டின் நடுவே ஒரு பாழுங்கிணறு இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் பேசும். பேசுவது யார் என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவ்வளவு கனிவான குரலை அந்தக் காட்டில் வேறெங்கும் கேட்க முடியாது.

மின்னி என்ற வெள்ளெலியை அங்கே அழைத்துப் போனது ஓர் ஓணான். அந்த ஆண்டு மழையில் மின்னியின் தானியக் குழி மூழ்கி அழுகிவிட்டது. வளையில் ஐந்து குட்டிகள். பசிக்கிற வயிற்றுக்கு யார் வேலை தந்தாலும் சாமிதான்.

"வேலை ரொம்பச் சுலபம், மின்னியக்கா!" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னது ஓணான். "இது காப்பு மண். வளை வாசல்ல பூசினா உள்ளே இருக்கிறவங்க வாடை வெளியே வராது. எந்த எதிரியும் மோப்பம் பிடிக்க முடியாது. வீடு வீடாப் போய் விக்கணும். உருண்டைக்கு ஒரு கம்பங்கதிர் விலை!"

"எனக்கு என்ன சம்பளம்?"

"சம்பளமா! அது சோம்பேறிகளுக்கு. நமக்குக் கமிஷன்! பத்து உருண்டை வித்தா மூணு கதிர் உனக்கு. உன்னைச் சேர்த்துவிட்டதுக்கு எனக்கும் ஒண்ணு."

"உன் வாசல்ல பூசியிருக்கியா, தம்பி?"

"எனக்கு ஏதுக்கா வாசல்? நான் கிளையில தூங்குறவன்!"

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாம்மா மின்னி. ரெண்டே விதிதான். பத்துக்கு ஒண்ணு குறைஞ்சாலும் கமிஷன் கிடையாது. வாங்கினவங்க வளையைக் காலி பண்ணிட்டா அந்த விற்பனை கழிஞ்சிடும். முதல்ல சொந்தக்காரங்ககிட்டே போ. அவங்கதான் இல்லைன்னு சொல்லக் கூச்சப்படுவாங்க."

குரலோடு ஈரப் பாசி வாடை ஒன்றும் மேலே வந்தது. மின்னி ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் உருண்டைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

முதல் உருண்டையைத் தங்கை செவ்விக்கு விற்றது. "உனக்காக வாங்குறேன்க்கா. எனக்கு இந்த மண்ணு மேல நம்பிக்கையில்லை" என்று சொல்லிக்கொண்டே செவ்வி வாசலில் பூசியது. அடுத்தது சித்தப்பா வீடு. பிறகு பக்கத்து வளைகள். சொறித்தவளை ஒன்று மட்டும் கல்லுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு அந்த நாத்தம் ஆகாது. வேற இடம் பாரு!" என்றது.

ஒன்பது விற்றாயிற்று. வாங்கிய கதிர்களை முதலாளிக்கென்று கிணற்றுக்குள் போட்டுவிட்டு, மின்னி உற்சாகமாகத் திரும்பியது. வழியில் செவ்வியின் வளை திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை.

"சொல்லாம கொள்ளாம போயிட்டாளே!" மின்னிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு எட்டாகிவிட்டதல்லவா!

ஓடியாடி இன்னொன்று விற்றது. அதற்குள் சித்தப்பாவைக் காணோம். இன்னும் ஒன்று விற்றது. பக்கத்து வளை காலி. ஒன்பது எட்டாகும், எட்டு ஒன்பதாகும், பத்து மட்டும் ஆகவே ஆகாது. இரண்டு வாரம் நாய்படாத பாடு பட்டும் ஒரு கதிர்கூடக் கைக்கு வரவில்லை.

"நீ இன்னும் மனசு வெச்சு விக்கலைம்மா" என்றது குரல், வருத்தமாக. மின்னி வெட்கப்பட்டுத் தலைகுனிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. திருட்டுக் கொடுத்தவளே தலைகுனிந்து நின்றாள்!

ஒரு நாள் காலை ஓணான் கிளையிலிருந்து கத்தியது. "அக்கா! இன்னைக்கு ஒன்பது நிக்குது. பத்தாவதை நீயே வாங்கிக்கோ! ஒரு கதிர் போட்டு மூணு கதிர் எடுக்கலாமே!"

மின்னியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கதிர். அதை எடுத்துக்கொண்டது. தன் வளை வாசலில் மண்ணை வழவழவென்று பூசியது. குட்டிகள் உள்ளே சுருண்டு தூங்கின. கிணற்றை நோக்கி ஓடியது.

உச்சி வெயில். காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. இலை அசையவில்லை.

"ஐயா! பத்து ஆயிடுச்சு!" என்று மின்னி கிணற்றுக்குள் கத்தியது.

பதில் இல்லை. மின்னி முதன்முறையாக விளிம்பில் தொங்கி எட்டிப் பார்த்தது. கீழே, அது கொண்டுவந்து போட்ட கதிர்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. ஈரத்தில் ஊறி, வெளுத்த முளை விட்டிருந்தன. ஒரு மணியைக்கூட யாரும் தொடவில்லை.

முதலாளி கம்பு தின்கிறவர் இல்லை. அப்படியானால் வேறு என்ன தின்கிறார்?

விளிம்பில், புழுதியில், கயிறு இழுத்ததுபோல ஒரு தடம். அது கிணற்றிலிருந்து வெளியே போயிருந்தது. மின்னி மோந்து பார்த்தது. பாசி வாடை. காப்பு மண்ணிலும் இதே வாடைதான். மண் பூசாத சொறித்தவளை நேற்றும் கல்லுக்கடியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. காணாமல் போனவர்கள் எல்லாம் பூசியவர்கள்தான். செவ்வி எங்கும் போகவில்லை.

தடம் மின்னியின் வளைப் பக்கம் போயிற்று.

எப்படி ஓடியது என்று அதற்கே தெரியாது. வெள்ளெலி வளைக்கு எப்போதும் பின்வாசல் ஒன்று உண்டு. அதில் மண் பூசவில்லை. மின்னி அதன் வழியாக உள்ளே பாய்ந்தது. முன்வாசல் வெளிச்சத்தை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"மின்னி, பத்து ஆயிடுச்சேம்மா!" என்றது அந்தக் கனிவான குரல், வளைக்குள்ளேயே. "கமிஷன் கொண்டு வந்திருக்கேன். கிட்டே வா."

"அம்மா, யாரோ கூப்பிடுறாங்க" என்று மூத்த குட்டி எழுந்து நடந்தது. மின்னி அதன் வாலைக் கவ்வி இழுத்தது. ஒவ்வொன்றாக ஐந்தையும் பின்வாசல் வழியே தள்ளி, இலந்தை முள் புதருக்குள் ஒளித்தது.

பிறகு அது பயந்து ஒளியவில்லை. விற்ற வீட்டுக்கெல்லாம் மறுபடியும் ஓடியது. "மண்ணைச் சுரண்டுங்க! மண்ணைச் சுரண்டுங்க!" என்று அலறியது.

"கதிர் வாங்கிட்டு வித்தவளே நீதானே!" என்று ஒரு கிழ எலி சீறியது.

"நான்தான்! திட்டுறதைச் சுரண்டிக்கிட்டே திட்டுங்க!"

ஒன்பது வாசலும் பொழுது சாய்வதற்குள் சுத்தமாயின. நகம் தேய்ந்து ரத்தம் கசிய, மின்னி கடைசியாகச் செவ்வியின் வளைக்குப் போனது. அங்கே காப்பாற்ற யாரும் இல்லை. இருந்தும் அந்த மண்ணைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தது.

தாம் விற்பதில் முதலாளிக்கு உண்மையில் என்ன லாபம் என்று கேட்காமல் சொந்தக்காரர் கதவைத் தட்டுகிறவர், அவர்களையும் இழந்து தாமும் விலையாகிப் போவார்.