யானை சொன்ன பார்க்கலாம்

முன்னங்காலைக் குளக்கரைச் சேற்றில் அழுத்தி ஒரு தடம் பதித்தது முள்ளம்பன்றி. தடம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தது.

"என்ன அண்ணே, கால்ல ஒட்டின சேறு இன்னும் காயலை, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றது முயல்.

"தடம் விழுந்துச்சில்ல? விழுந்தா நான் வந்ததா அர்த்தம். சாயங்காலம் நரி தடத்தைத்தான் எண்ணும். மூஞ்சியையா எண்ணப்போகுது?"

எந்தக் காட்டில் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. இப்போதெல்லாம் எல்லாக் காட்டிலும் இதே சட்டம்தான். வாரத்தில் பாதி நாள் குளக்கரையில் கூடி வேலை பார்க்க வேண்டும். மீதி நாள் அவரவர் வளையிலேயே இருந்துகொள்ளலாம். வேலையும் பெரிதல்ல. எங்கே கிழங்கு இருக்கிறது என்று முள்ளம்பன்றி சொல்ல வேண்டும், எங்கே புல் இருக்கிறது என்று முயல் சொல்ல வேண்டும். வளையில் இருக்கும் நாட்களில் மைனா வந்து கேட்டுப்போய் யானையிடம் அப்படியே ஒப்பிக்கும். ஓர் எழுத்து பிசகாது.

முள்ளம்பன்றிக்குக் குளக்கரை பிடிக்காது. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. காலையில் யானை ஒற்றுமையைப் பற்றிப் பேசும். மதியம், தண்ணீரைக் கலக்கியது யார் என்று விசாரணை நடக்கும். வெயில் தாழ்ந்ததும், எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததைக் காட்டின் முன்னேற்றம் என்று நரி அறிவிக்கும்.

"அங்க உட்கார்ந்தா எனக்கு இன்னும் ரெண்டு முள்ளா முளைக்கும்?" என்று முள்ளம்பன்றி கேட்கும்.

கோடை நெருங்கியது. யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கப் புதுப் பாதை போடப்போவதாகப் பேச்சு. பாதை புற்றுமேட்டின் மேல் போகுமாம். முள்ளம்பன்றி மழைக்காலம் முழுக்கத் தோண்டிய வளை அந்த மேட்டில்தான் இருந்தது. முயலின் வளையும் அங்கேதான்.

முள்ளம்பன்றி மைனாவைக் கூப்பிட்டது. "யானைப் பெரியம்மாகிட்ட கேளு. பாதையை என் வளை மேல போடாம கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு. பணிவாக் கேளு."

"நாளைக்குக் குளக்கரை நாள்தானே அண்ணே. நீங்களே கேட்டுடலாமே."

"நாளைக்கு நான் வந்து தடம் வச்சிட்டுத் திரும்பணும். எனக்கு நேரம் ஏது?"

மைனா போனது, வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு யானையின் குரலிலேயே சொன்னது: "பார்க்கலாம்."

ஆகா, குரலில் என்ன கனிவு! காரியம் முடிந்தது என்று முள்ளம்பன்றி வளைக்குள் போய், கூடுதலாக ஓர் அறை தோண்டத் தொடங்கியது.

"பார்க்கலாம்" என்ற சொல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் பொம்மை கேட்டிருப்பீர்கள். அப்பா உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் ஒன்று. எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னால் முற்றிலும் வேறு. யானை அதைச் சொன்னபோது மைனாவைப் பார்க்கவே இல்லை. மூங்கில் குருத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நிறையக் குருத்து இருந்தால் யார் குரலும் கனிவாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த முயல் இதைப் பார்த்தது. யானை மென்று முடிக்கும்வரை காத்திருந்தது.

"பெரியம்மா, என் வளையும் அந்த மேட்டுலதான் இருக்கு. ஒரு நடை வாங்களேன், காட்டறேன்."

யானை போய்ப் பார்த்தது. "அடடே, இவ்வளவு பக்கத்துலயா இருக்கே? சரி, அந்தப் பக்கமா ஒதுங்கிப் போயிடறோம்."

"அந்தப் பக்கம் முள்ளம்பன்றி அண்ணன் இருக்காரே, பெரியம்மா."

"யாரு?" யானை வெகுநேரம் யோசித்தது. "தடம் பார்த்திருக்கேன். முகம் ஞாபகம் வரலையே. நேர்ல வரச் சொல்லு."

முயல் ஓடிப்போய்ச் சொன்னது. "அண்ணே, பெரியம்மா உங்களை நேர்ல வரச் சொல்றாங்க, உடனே வாங்க. மைனா கொண்டுவந்தது 'முடியாது'ங்கற பார்க்கலாம்."

"மைனா தப்பாச் சொல்லுச்சா?"

"இல்லை, சரியாத்தான் சொல்லுச்சு."

"அப்புறம் என்ன? உன் வளையில ஒரே அறை, என் வளையில மூணு. வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும். போ, போ."

யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கியது. மண் அதிர்வதைக் கேட்டு முள்ளம்பன்றி வெளியே பாய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அறைகள் இல்லை. வளை இருந்த இடத்தில் நல்ல அகலமான பாதை இருந்தது.

"நான் ஓர் எழுத்துகூட மாத்தலை அண்ணே," என்றது மைனா. அது உண்மைதான்.

அடுத்த குளக்கரை நாளில் முள்ளம்பன்றி விடிந்ததுமே வந்து உட்கார்ந்தது. புது வளைக்கு இடம் கேட்க வேண்டும். யானை ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நரி தடங்களை எண்ணியது. முன்னால் நின்ற கடமானின் கொம்பு யானையின் முகத்தை மறைத்தது. முள்ளம்பன்றி முட்களை ஒடுக்கிக்கொண்டு, யானையின் கண் தெரியும் இடத்துக்கு மெல்ல நகர்ந்தது.

நீதி: சொல்லை மைனா சுமந்து வரும், முகத்தைப் பார்க்க நாம்தான் நடக்க வேண்டும்.