ஐந்து உருண்டைச் சாந்து

நாலாவது ஓடும் விழுந்தது. முதல் மூன்றும் தரையில் விழுந்து நொறுங்கியிருந்தன. இது நேராக விசயமாறன் ராஜாவின் கால் பெருவிரலில் விழுந்தது.

"ஐயோ, அம்மா!"

ராஜாவும் அப்படித்தான் கத்துவார். அதில் ஒரு கம்பீரமும் கிடையாது.

புதுக் குளியல் மண்டபம். கட்டி முடித்து இருபது நாள்கூட ஆகவில்லை. சுவர் முழுக்கச் சீனத்திலிருந்து கப்பலில் வந்த நீல ஓடுகள். ஒட்டியவன் கொத்தனார் சடையன். இப்படித்தான் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டவர் கட்டட அதிகாரி கற்பூரராயர். ஆனால் ஓடு விழுந்ததும் ராயரின் விரல் யாரைக் காட்டியது? சடையனை. அதிகாரிகளுக்கு விரல் இருப்பதே அதற்குத்தானே.

"என் முறையில் குற்றமே இல்லை மகாராஜா! ஓட்டின் முதுகில் நாலு மூலைக்கு நாலு உருண்டைச் சாந்து, நடுவில் ஒன்று. ஒரு அழுத்து. முடிந்தது. அறுபது நாள் வேலையைப் பத்து நாளில் முடித்தேனா இல்லையா? இவன் கைதான் சரியில்லை."

"சாமி, நான் அப்பவே சொன்னேன்," என்றான் சடையன். "சாந்தைச் சுவர்ல முழுக்கப் பரப்பணும். பல் வெச்ச பலகையால வரிவரியாச் சீவணும். ஓட்டு முதுகுலயும் மெல்லிசாத் தடவி, அழுத்தி, லேசா ஆட்டி உக்கார வைக்கணும். அப்பதான் வரியெல்லாம் படிஞ்சு முழுசாப் பிடிக்கும். உருண்டை வெச்சா..."

"கொத்தனுக்கு வாய் வேறயா?" என்று சீறினார் ராயர்.

இந்த ஐந்து உருண்டைக்காகத்தான் ராஜா போன மாதம் ராயருக்குப் பட்டுப் போர்த்தி, 'சாந்துச் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்திருந்தார். முறை தப்பு என்றால் பட்டம் கொடுத்தவர் முட்டாள் என்று ஆகிவிடும். ஆகவே கொத்தன்தான் தப்பு.

"நாளைக் காலையில் இவனுடைய இரண்டு கட்டைவிரலையும் வெட்டுங்கள்!"

கட்டைவிரல் போனால் சாந்து பூசும் கரணையைப் பிடிக்க முடியாது. சடையன் அழக்கூட இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கத்தில் அரண்மனை விகடகவி அம்பலவாணன் நின்றிருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"பிரபு, தப்பு கையில் இல்லை, முறையில்தான். நான் காட்டுகிறேன்."

ராஜாவுக்குக் கால்வலியோடு கோபமும் ஏறியது. "காட்டு! ஆனால் இன்னொரு ஓடுகூடப் பெயரக் கூடாது. நாளை நான் குளித்து முடிப்பதற்குள் காட்டணும். இல்லாவிட்டால் உன் கட்டைவிரலும் சேர்ந்து போகும்."

ராயர் குலுங்கிச் சிரித்தார். "ஓட்டைப் பெயர்க்காமல் உள்ளே இருப்பதைக் காட்டுவானாம்! பாவம், இனிமேல் வெற்றிலைகூட வேறு யாராவது மடித்துத் தரணும்."

மறுநாள் சனிக்கிழமை. ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். வழக்கமாகத் தேய்க்கிறவனை அனுப்பிவிட்டு, அம்பலவாணனே கிண்ணத்தோடு வந்தான். ராயரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"நீயா? சரி, தேய்," என்று மணையில் உட்கார்ந்தார் ராஜா.

வலது தோளில் ஒரு சொட்டு. இடது தோளில் ஒரு சொட்டு. இரண்டு முழங்காலிலும் ஒவ்வொன்று. தொப்புளில் ஒன்று. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"முடிந்தது பிரபு. சீயக்காய் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"என்னடா முடிந்தது? தலை காய்கிறது, முதுகு காய்கிறது!"

"நாலு மூலை, நடுவில் ஒன்று. ராயர் முறை. எவ்வளவு சீக்கிரம் முடிந்தது பாருங்கள்! எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்."

"அட மடையா! அஞ்சு இடத்தில் வைத்தால் ஆச்சா? நடுவில் எல்லாம் வெறுமனே கிடக்கிறதே!"

சொன்ன வாய் மூடவில்லை. ராஜாவின் கண் சுவருக்குப் போனது. எழுந்து போய் ஒரு ஓட்டின் மூலையில் விரல் முட்டியால் தட்டினார். திம். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டொக். காலிப் பானைச் சத்தம். அடுத்த ஓடு. டொக். அதற்கடுத்தது. டொக்.

கதவோரம் ஒரே ஒரு வரிசை மட்டும் எங்கே தட்டினாலும் திம் என்றது.

"இது யார் ஒட்டியது?"

"அதுவும் சடையன்தான் பிரபு. அதே கை, அதே சாந்து. ராயர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தன் முறைப்படி ஒட்டியிருக்கிறான்."

ராயர் அவசரமாக முன்னால் வந்தார். "உருண்டையை இன்னும் கொஞ்சம் பெரிசாக வைத்திருந்தால்..."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவமானமும்தான். ஆனாலும் சிரித்தார். "சடையனை விட்டுவிடுங்கள்! ராயரே, பட்டத்தைக் கழற்றி வையும். இந்தச் சுவர் முழுக்க அவன் சொல்கிறபடி நீரே சாந்து பூசும்." குளிக்கக் கழற்றி வைத்திருந்த முத்துமாலையை எடுத்து அம்பலவாணன் கழுத்தில் போட்டுவிட்டு மறுபடி மணையில் உட்கார்ந்தார். "வாடா, மிச்ச எண்ணெயையும் தேய்."

அம்பலவாணன் கிண்ணத்தை எடுத்தான். ராயர் கையில் வைத்தான்.

"மன்னிக்கணும் பிரபு. ராயருக்கு முழுக்கப் பூசிப் பழக்கமே இல்லை. சுவரில் பழகினால் சாந்து வீணாகும். முதலில் உங்கள் முதுகில் பழகட்டும்."