இடிக்கு அஞ்சான் வளர்த்த அர்ஜுனன்

கேட்க வந்தவர்களெல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் கதைக்கு அதுவும் வேண்டியதுதான்.

முன்னொரு காலத்தில், மேகம் தரைவரை இறங்கிவரும் ஒரு மலையடிவாரத்தில், மருதகேசரி என்று ஒரு ராஜா இருந்தார். ரொம்பப் பெரிய ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் அவருடைய ராஜ்ஜியம் முழுவதும் தெரியும். குதிகாலை எக்கினால் பக்கத்து ராஜ்ஜியமும் தெரியும்.

ராஜ்ஜியம் சின்னதானாலும் பட்டங்களுக்குக் குறைவில்லை. புலிக்கு அஞ்சான், பகைக்கு அஞ்சான், இடிக்கு அஞ்சான் என்று மூன்று பட்டங்களைக் கோட்டை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார். அந்த மலையில் புலி கிடையாது. பக்கத்து ராஜாவோ ராணியின் கூடப்பிறந்த தம்பி. ஆகவே முதல் இரண்டு பட்டங்களுக்கும் ஒரு சோதனையும் வரவில்லை. மூன்றாவதுக்குத்தான் ஐப்பசி பிறந்துவிட்டால் அன்றாடம் சோதனை.

அதிலும் ராஜா தேறிவிடுவதாகத்தான் ஊர் நம்பியது. வானம் உறுமத் தொடங்கியதும், "நாட்டு நன்மைக்குத் தியானம் பண்ணப் போறேன், ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்விடுவார். மழை விட்டபிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவார். பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ராணியின் பேர் குழல்வாய்மொழி. பேரில் இருக்கிற வாய் ராணிக்கு நிஜமாகவே உண்டு. ஒரு நாள் தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது மடியில் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். கறுப்புக் குட்டி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும்.

என்ன பேர் வைப்பது என்று சபையில் பேச்சு வந்தது. அமைச்சர் கருப்பன் என்றார். ராணி, "சோத்துச் சட்டி சத்தம் கேட்டா எங்கிருந்தாலும் வந்துடுறான். சட்டியான்னு வைங்க" என்றார். ராஜாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வீரன் வீட்டு நாய்க்கு வீரன் பேர்தான் வேண்டும் என்று சொல்லி, அர்ஜுனன் என்று பேர் வைத்தார்.

உங்களில் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அர்ஜுனனுக்கு ஒரு நல்ல குணம். கூப்பிட்டால் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வரும், தூங்கிக்கொண்டிருந்தாலும் வரும், பூனையைத் துரத்திக்கொண்டிருந்தால்கூட பூனையை விட்டுவிட்டு வரும். வந்து முகத்தைப் பார்க்கும், என்ன வேலை என்று கேட்கிற மாதிரி. புரட்டாசி வரை அது ஊருக்கே செல்லப்பிள்ளை.

ஐப்பசி வந்தது. இடி இடித்தது. அர்ஜுனன் துள்ளி எழுந்தது.

மடைப்பள்ளிக்கு ஓடி மோர்ப்பானையைக் கவிழ்த்தது. லாயத்துக்கு ஓடிக் குதிரைகளை மிரளவைத்தது. அமைச்சர் வீட்டுக்குள் ஓடி, அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடியது. கடைசியில் ராஜாவின் அறைக் கதவு அடியில் உளுத்துப்போயிருந்த இடம் வழியாக உள்ளே நுழைந்து மறைந்தது.

மழை விட்டதும் ராஜா வெளியே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கோழை நாய் அது. என் கட்டிலுக்கு அடியில வந்து ஒண்டிக்கிட்டு, உடம்பெல்லாம் நடுங்குது" என்றார்.

அன்றிலிருந்து அர்ஜுனனைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை. சபையில் அது நிமிர்ந்து பார்த்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது பார்க்கிற பார்வை சரியில்லை என்பார். ஒரு நாள் ஆணையே போட்டுவிட்டார்.

"இடிக்கு அஞ்சான் கோட்டையில இடிக்கு அஞ்சுற நாய் இருந்தா ஊர் சிரிக்கும். அஞ்சுறவன் எவனா இருந்தாலும் இந்தக் கரையில இடமில்லை. ஆத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுடுங்க."

அக்கரையில் அடர்ந்த காடு. செந்நாய்க் கூட்டம் திரிகிற காடு. கோட்டைச் சோறு தின்று வளர்ந்த நாய் அங்கே ஒரு பொழுது தாங்காது. ராணிக்கு மனசு கேட்கவில்லை. பால்குடி மறக்காத குட்டியாக வந்ததை உள்ளங்கையில் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தவர் அல்லவா? ஆனாலும் அழுது காரியம் ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

"பயம் ஒரு நோய்தானே மகாராஜா. வைத்தியம் பார்ப்போம். தீரலைன்னா அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். சபையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்ததால் ராஜாவால் மறுக்க முடியவில்லை.

முதல் வைத்தியம் அமைச்சருடையது. சத்தம் பழகினால் பயம் போய்விடும் என்றார் அவர். அர்ஜுனன் தலைமாட்டில் முரசு கொட்டினார்கள், பறை அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள். ஊரில் கைக்குழந்தைகள் எல்லாம் வீரிட்டு அழுதன. அர்ஜுனன் குறட்டை விட்டுத் தூங்கியது. பார்த்தீர்களா, குணமாகிவிட்டது என்று அமைச்சர் மீசையை முறுக்கினார். அன்று மாலை இடி இடித்தது. அர்ஜுனன் எழுந்தது, ஓடியது, கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வைத்தியம் படைத்தலைவருடையது. கட்டிப் போட்டால் ஓட முடியாது, ஓடாவிட்டால் பயம் தானே அடங்கும் என்றார் அவர். ஒரு மர ஏணியில் கட்டிப் போட்டார்கள். இடி இடித்தது. அர்ஜுனன் எழுந்தது, ஏணியோடு ஓடியது. வழியில் நின்ற மூன்று காவலாளிகளை ஏணி வாரிவிட்டது. கதவில் ஏணி சிக்கிக்கொள்ள, கழுத்தை உருவிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வைத்தியம் சோதிடருடையது. ஏதோ கிரகம் பார்க்கிறது என்றார் அவர். மந்திரித்த தாயத்து ஒன்றைக் கழுத்தில் கட்டினார். அர்ஜுனன் அதைக் கடித்து விழுங்கிவிட்டது. உள்ளே போன தாயத்துக்கு இன்னும் பலம் அதிகம் என்று சோதிடர் சமாளித்தார். இடி இடித்தது. தாயத்தும் அர்ஜுனனும் சேர்ந்தே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன.

"போதும். நாளைக்கே ஆத்தங்கரை" என்றார் ராஜா. "என்னமா நடுங்குது தெரியுமா. இடி விழறப்போ கண்ணை இறுக்க மூடிக்குது, மூக்கை என் கக்கத்துல நுழைக்குது."

ராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டில் மேல் கண்மூடித் தியானம் செய்கிறவருடைய கக்கத்துக்குக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற நாயின் மூக்கு எப்படி எட்டும்? அதுவும் போக, ராஜாவின் மீசையில் இவ்வளவு நீளத்துக்கு ஒட்டடை தொங்கியது.

"சரி, அனுப்பிடலாம். ஆனா பேர் வச்சவர் நீங்க. நீங்களே வந்து வழியனுப்பி வைக்கணும்" என்றார் ராணி.

மறுநாள் ஆற்றங்கரையில் ஊரே கூடியது. வானம் நீலமாக இருந்ததால்தான் ராஜாவும் துணிந்து வந்தார். கரை மணலில் ஒரு பெரிய பரிசல் கவிழ்த்து வைத்திருந்தது. அக்கரைக்குப் போக அது ஒன்றுதான். அர்ஜுனன் கழுத்தில் நீளமான கயிறு. அதற்கு எல்லாமே விளையாட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க ராணிக்குக் கண் கலங்கியது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகம் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பரிசலை நிமிர்த்த ஓடக்காரர் ஒரு விளிம்பைத் தூக்கிய நேரம், வானம் பிளந்த மாதிரி ஓர் இடி.

இடி இடித்தால் நாமெல்லாம் என்ன சொல்வோம்? வில்லெடுத்த அந்த வீரன் பேரைச் சொன்னால் இடி தலையில் விழாமல் விலகிப் போகும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஊருக்கும் அதே நம்பிக்கை. ஊரே கண்ணை மூடி, காதைப் பொத்தி, "அர்ஜுனா, அர்ஜுனா" என்று கத்தியது.

எப்போதும் ராணியும் அப்படித்தான் கத்துவார். அன்று நெஞ்சு அடைத்திருந்ததால் வாய் வரவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. அதனால் எல்லாவற்றையும் பார்த்தார். ஓடக்காரர் கைவிட்ட பரிசல் மறுபடி கவிழ்ந்தது, ராஜா நின்ற இடம் காலியாக இருந்தது.

அர்ஜுனன் அமைச்சரிடம் ஓடி முகத்தைப் பார்த்தது. படைத்தலைவரிடம் ஓடி முகத்தைப் பார்த்தது. சோதிடரிடம் ஓடி முகத்தைப் பார்த்தது. கூப்பிட்ட ஒருவரும் கண்ணைத் திறந்து என்ன வேலை என்று சொல்லவில்லை. பாவம், அது என்ன செய்யும்? கயிறு மூவரையும் ஒன்றாகச் சுற்றிக் கட்டியதுதான் மிச்சம். பிறகு அது கயிற்றை உதறிவிட்டு, கவிழ்ந்து கிடந்த பரிசலிடம் ஓடி, விளிம்பில் மணலைத் தோண்டத் தொடங்கியது.

ராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சட்டென்று அதைப் பிடித்து இழுத்துத் தன் காலடியில் உட்காரவைத்தார்.

"எல்லாரும் கேளுங்க. அடுத்த இடிக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. தலையில விழுந்தா விழட்டும்."

ஊர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. மின்னல் வெட்டியது. முன்னதைவிடப் பெரிய இடி, ஆற்றுத் தண்ணீரே அதிர்ந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. அர்ஜுனன் ஒரு கொட்டாவி விட்டது. பின்னங்காலால் காதைச் சொறிந்தது. கொட்டத் தொடங்கிய மழையில் சுகமாகக் கால் நீட்டிப் படுத்தது.

அப்போது பரிசலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் மட்டும் ஈனமாகக் கேட்டது. "அர்ஜுனா... அர்ஜுனா..."

படுத்திருந்த அர்ஜுனன் எழுந்தது. நேரே பரிசலிடம் போய், தோண்டிய பள்ளம் வழியாக உள்ளே நுழைந்துகொண்டது.

ராணி தலையசைத்தார். ஓடக்காரர் பரிசலைப் புரட்டினார். உள்ளே இடிக்கு அஞ்சான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கிரீடத்துக்குள் மணல். அர்ஜுனன் அவர் கக்கத்தில் மூக்கை நுழைத்திருந்தது. நடுங்கியது யார் என்று ஊர் பார்த்தது. நாயின் முதுகும் ஆடத்தான் செய்தது, ராஜாவின் கை அதன் மேல் இருந்ததால்.

"இடிக்குப் பயந்து அவன் ஓடலை மகாராஜா. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் எட்டிப் பார்த்துட்டு, துணை ரொம்ப வேண்டியிருக்கிறது யாருக்குன்னு கண்டுபிடிச்சு அங்கே தங்கியிருக்கான்" என்றார் ராணி. "சரி, பரிசல் நிமிர்ந்தாச்சு. அஞ்சுறவனுக்கு இந்தக் கரையில இடமில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப யார் ஏறணும்?"

ராஜா ஆற்றைப் பார்த்தார். அக்கரைக் காட்டைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாளும் பார்க்காமல் தவிர்த்த அந்தக் கண்களைப் பார்த்தார். அதில் கேலி இல்லை, கோபம் இல்லை. என்ன வேலை என்ற கேள்விதான் இருந்தது.

"எனக்கு இடின்னா பயம். சின்ன வயசிலேருந்தே பயம். இவன் ஒருத்தனுக்குத்தான் அது தெரியும், அதான் இவனைத் துரத்தப் பார்த்தேன்" என்றார்.

கயிற்றுச் சுருளுக்குள்ளிருந்து அமைச்சர், "எனக்கும்தான்" என்றார். படைத்தலைவர், "எனக்கும்தான்" என்றார். சோதிடர், "எனக்கு எப்பவும் உண்டு, முதல்ல கயிற்றை அவிழுங்க" என்றார்.

பரிசல் அன்று காலியாகவே கரையில் கிடந்தது. ராஜா சிற்பியை வரவழைத்தார். கோட்டை வாசலில் இடிக்கு அஞ்சான் என்று இருந்ததை இடிக்கு அஞ்சுவான் என்று திருத்தச் சொன்னார். அதற்குப் பிறகும் அந்த ஊரில் இடி இடித்தால் அதே பேரைத்தான் சொன்னார்கள். அர்ஜுனனும் வீடு வீடாகப் போய் முகத்தைப் பார்த்தது. ஒரே ஒரு வித்தியாசம். இப்போது எல்லோரும் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லடா, போ" என்று தடவிக்கொடுத்து அனுப்பினார்கள். ராஜா மட்டும் போகச் சொல்ல மாட்டார். கட்டிலுக்கு அடியில் அதற்கென்று ஒரு பாய் விரித்திருந்தது. ஒட்டடை அடித்து வைத்தது ராணி.

ஆகவே கேட்டவர்களே, தன் பயத்தை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறவன், அதைத் தன்னிடம் அன்பாக இருப்பவர் தலையில் கட்டி அவரையே இழக்கப் பார்ப்பான்.