கீரி வாங்கிய மூட்டைகள்

ஒரு காட்டில் மழைக்காலம் முழுவதற்கும் வேண்டிய தானியத்தை மிருகங்கள் எல்லாம் ஒரே குகையில் சேர்த்து வைத்தன. குகைக்குப் பொறுப்பு ஆமை. குகையோ மிகப் பெரியது. ஆமையின் நடை உங்களுக்குத் தெரியாததா, குழந்தைகளே! ஒரு மூட்டை உள்ளே போவதற்குள் வாசலில் நிற்பவர்களுக்குக் கால் கடுத்துவிடும்.

அதனால் வாசலில் ஒரு கீரியை வைத்தார்கள். மூட்டை வந்ததும் கீரி அதைப் பறித்துப் பக்கத்துப் பாறைக் குழியில் போடும். "வாங்கியாச்சு! அடுத்தது!" என்று கத்தும். வந்த வரிசைப்படி ஆமை ஒவ்வொன்றாக உள்ளே சுமக்கும். இப்போது யாரும் காத்திருக்கவில்லை. எல்லோரும் புகழவே கீரிக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக முயல் வந்தது.

"கீரித் தம்பி, வீட்டில் மூன்று குட்டிகள். இந்தத் தினையை விட்டால் எங்களுக்கு வேறு சாப்பாடு இல்லை. பத்திரமாக இருக்குமா?"

"அதான் வாங்கியாச்சே அக்கா! நிம்மதியாகப் போங்கள்."

முயல் நம்பிப் போனது. கீரி திரும்பிப் பார்த்தது. குழி நிறைய மூட்டைகள்! வானமோ கறுத்துக் கிடந்தது. குழிக்குக் கூரை கிடையாது. நனைந்த தினை அழுகிவிடுமே! கீரி ஆமையைப் பார்த்துக் கத்தியது.

"ஓடுங்கள் ஆமையண்ணா, ஓடுங்கள்!"

"ஓடவா? நானா?" என்றது ஆமை. "தினை வைக்கும் இடம் வலக்கோடி. வரகு இடக்கோடி. ஒரு தினை, ஒரு வரகு, மறுபடி ஒரு தினை என்று நாளெல்லாம் அலைகிறேன்."

கீரி சட்டென்று நிமிர்ந்தது. "தினை மூட்டைகளை எல்லாம் சேர்த்து முதுகில் கட்டிவிட்டால்?"

ஆமை நிதானமாக யோசித்தது. "ஒரே நடைதான். இத்தனை நாளாக இது எனக்குத் தோன்றவில்லையே!"

கீரி குழிக்குள் குதித்தது. தினையைத் தனியாக, வரகைத் தனியாக, சாமையைத் தனியாகப் பிரித்துக் கொடியால் கட்டியது. ஆமை எப்போதும்போலத்தான் நடந்தது. ஆனால் மூன்றே நடையில் வேலை முடிந்தது. மழை கொட்டியபோது குழியில் ஒரு மூட்டைகூட இல்லை.

கீரி நனைந்துகொண்டே முயலின் புதருக்கு ஓடியது. "அக்கா, நிம்மதியாகப் போகச் சொன்னேனே, அப்போது உங்கள் தினை வெளியில்தான் கிடந்தது. இப்போதுதான் உள்ளே போனது."

"இதைச் சொல்லவா இந்த மழையில் வந்தாய்?" என்ற முயல், குட்டிகளை நகர்த்திக் கீரிக்கு இடம் கொடுத்தது.

நீதி: கையில் வாங்குவது பாதி வேலை, சேர வேண்டிய இடத்தில் சேர்த்தால்தான் அது முழு வேலை.