மணை

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஆசிரமத்துக்குத் திரும்பிய தில்லைநாயகம், தியான மண்டபத்தில் தன் மணையைத்தான் முதலில் தேடினார். முன்வரிசையில் அது போட்டபடியே கிடந்தது. பின்சுவரோரம் புதிதாக ஒரு நாற்காலி.

"அது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் ஐயா," என்றார் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கோமளம். "தரையில் உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே."

"டாக்டருக்கு என்ன தெரியும்?"

அங்கே தில்லைநாயகம் பெயர்பெற்றவர். உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை அசையமாட்டார். ஈ மொய்த்தாலும் கை உயராது. 'தூண்' என்றே அவரை அழைப்பார்கள். புதிதாக வருகிறவர்களிடம் அவரைக் காட்டி, உட்கார்ந்தால் இப்படி உட்கார வேண்டும் என்பார்கள்.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு குனியப்போனார். உலகம்மை வந்து மணையை எடுத்துக்கொண்டார். குரு அவர்தான்; தில்லைநாயகத்தைவிட இருபது வயது இளையவர்.

"கொடுங்கம்மா. எப்படியும் உட்கார்ந்துடுவேன்."

"உட்காருவீங்க. மூட்டு விலகிடும்."

"விலகட்டும். உட்கார முடியாதவனுக்குத் தியானம் ஏது?"

உலகம்மை மணையை அவர் கக்கத்தில் இடுக்கிவிட்டு, கைத்தடியை எடுத்து நீட்டினார்.

"இதை நம்ம தண்ணி எடுக்கிற ஊற்றங்கரையில வச்சிட்டு வாங்க."

"இப்பவா? தியான நேரமாச்சே."

"இப்பவே."

முகம் சிவக்கக் கிளம்பினார். மண்டபத்தில் எல்லோரும் கண்களை மூடினார்கள். மணி அடித்து, அவர்கள் எழுந்து போன பிறகும் அவரைக் காணோம். வெயில் ஏறியபின் கைத்தடியை மட்டும் ஊன்றிக்கொண்டு வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஊற்று இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு? போனதும் தெரியலை, வந்ததும் தெரியலை."

"இத்தனை வருஷமா அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறீங்க."

"நான் போனதே இல்லையேம்மா."

"வழியில வலிச்சுதா?"

யோசித்தார். "வலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு."

"வேற என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கலை. நடந்தேன். ஒரு மீன்கொத்தியைப் பார்த்தேன்."

உலகம்மை சிரித்தார். "முன்னெல்லாம் மண்டபத்துல தூண் மாதிரி உட்கார்ந்திருப்பீங்களே, அப்ப என்ன நினைப்பீங்க?"

தில்லைநாயகம் முன்வரிசையில் மணை கிடந்த இடத்தைப் பார்த்தார். மணையின் அளவுக்கு அங்கே தரை வெளுத்திருந்தது.

"மணி அடிச்சா எப்படி எழுந்திருக்கப் போறோம்னு."

"அதான் எழுந்துட்டீங்களே," என்றார் உலகம்மை. "இனி ஆரம்பிங்க."